டார்க் ஸ்லைடை வெட்டினால் போதும்

கேள்வி இது: கையில் ஒரு 4×5 அங்குல ஃபிலிம் கேமரா இருக்கிறது. பழைய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து 8×10 மரக் கேமராவும் வரப்போகிறது. ஷீட் ஃபிலிமில், அதாவது தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமில், நீளவாக்கில் பனோரமா எடுக்க ஆசை. கேமராவின் பின்பக்கத்தை அறுத்து மாற்ற வேண்டுமா, இல்லை பேசாமல் ரோல் ஃபிலிமில் 6×17 செ.மீ. பனோரமா எடுக்கும் கேமராவே வாங்கிவிடலாமா?

ரம்பத்தை எடுக்காதீர்கள். நீங்கள் வெட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உபரியாகக் கிடக்கும் ஒரு டார்க் ஸ்லைடு, அதாவது ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மூடும் தகடு. அதுவும் 8×10 கேமராவுக்கு. 4×5-இல் இந்த வித்தையால் பெரிய லாபம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

யோசனை எளிது. ஃபிலிமை வைத்துக் கேமராவில் செருகும் 8×10 ஹோல்டரில் டார்க் ஸ்லைடு 8 அங்குலக் குறும்பக்கத்தின் வழியாக உள்ளே போகிறது. அதை நீளவாக்கில் பாதி வெட்டி எடுத்துவிட்டு, கைப்பிடி இருக்கும் முனையை மட்டும் முழு அகலத்துக்கு விட்டுவைத்தால் 'எல்' வடிவத்தில் ஒரு தகடு மிஞ்சும். அதை ஹோல்டரில் செருகினால் ஃபிலிமின் ஒரு பாதி மூடியிருக்கும், இன்னொரு பாதி திறந்திருக்கும். எடுத்து முடித்ததும் தகட்டை உருவிப் புரட்டிச் செருகுங்கள். எடுத்த பாதி மூடிக்கொள்ளும், எடுக்காத பாதி திறக்கும். ஒரு ஷீட்டில் இரண்டு 4×10 படம். கேமராவில் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. நாளைக்கு முழு 8×10 எடுக்கத் தோன்றினால் பழைய ஸ்லைடைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டைப் பங்குபோட்டுப் படம் எடுப்பது புதுக்கதை அல்ல. பாரிஸில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர் 1854-இல் காப்புரிமை வாங்கியதே ஒரு கண்ணாடித் தட்டில் பல சின்னப் படங்களை எடுத்துச் செலவைக் குறைக்கத்தான். நம் நோக்கமும் பாதி அதேதான், ஒளிப்பானேன்.

வெட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எதிலும் அளவுகோலை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து அளக்காதீர்கள்; நடுக்கோட்டைக் கண்டுபிடித்து அதிலிருந்து அளங்கள். மிஞ்சும் தகடு சரிபாதியாக இருக்கக் கூடாது. நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டராவது கூடுதலாக விடுங்கள். ஸ்லைடு ஃபிலிமை ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அதனால் அதன் விளிம்பு விழுத்தும் நிழல் கத்தி வெட்டியதுபோல் விழாது, சற்றுக் கலங்கலாகத்தான் விழும். வைட் லென்ஸ் என்றால் அந்த நிழல் இடமும் கொஞ்சம் நகரும். சரிபாதியில் வெட்டினால் இரண்டு படமும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு கறுத்த பட்டை விழும். இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் நடுவில் சுத்தமான தெளிந்த கோடு ஒன்று கிடைக்கும், பிறகு கத்தரிக்கவும் வசதி.

எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதில்தான் நான் முதல் தடவை கோட்டைவிட்டேன். கைப்பிடியை ஒட்டி ஒரு விரல்கடை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுத்துவிட்டேன். ஹோல்டரின் வாயில் வெளிச்சத்தைத் தடுக்க வெல்வெட் துணியும் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கின்றன அல்லவா, அவை முழு ஸ்லைடு உள்ளே இருக்கும்போதும், ஸ்லைடே இல்லாதபோதும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். பாதி அகலத்துக்குத் தகடும் பாதி அகலத்துக்கு வெற்றிடமும் இருந்தால், தகட்டின் தடிமன் அளவுக்கு ஓரத்தில் ஒரு சந்து விழுந்துவிடும். கடற்கரையில் பட்டப்பகலில் எடுத்த நான்கு நெகட்டிவிலும் ஓரத்திலிருந்து விசிறி விரித்த மாதிரி கறுப்பு. பெல்லோஸில் (லென்ஸையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) ஓட்டை என்று நினைத்து ஒரு வாரம் டார்ச் அடித்துத் தேடினேன். குற்றவாளி என் கத்தி. ஸ்லைடை ஹோல்டரில் முழுதாகச் செருகி, ஃபிலிம் தெரியும் சன்னலின் கைப்பிடிப் பக்க ஓரம் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வெட்டு அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். வெல்வெட் கடிக்கும் இடம் முழுக்க முழு அகலத் தகடாகவே இருக்கட்டும்.

இரும்பு ஸ்கேல் வைத்து, பிளாஸ்டிக் கீறும் கத்தியால் இருபது முப்பது தடவை மெதுவாகக் கீறுங்கள். பிறகு மடக்கினால் பட்டென்று உடைந்து வரும். ஒரேயடியாக அழுத்தினால் கத்தி வழுக்கும், கையும் போகும். விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு மார்க்கரை ஓட்டிவிடுங்கள். தகட்டின் முனையை மட்டும் கூராக விடாதீர்கள், வட்டமாக உருட்டிவிடுங்கள். 'எல்' தகடு ஒரு பக்கப் பள்ளத்தில் மட்டும்தான் ஓடுகிறது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்பதால், செருகும்போது கூர்முனை ஃபிலிமில் போய் மோதிக் கோடு கிழிக்கும். உபரி ஸ்லைடு கிடைக்கவில்லையென்றால், வெர்னியரில் தடிமன் அளந்து அதே கனத்தில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் வாங்கலாம். வாங்கும் முன் செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை.

எடுக்கும் வரிசை இது. ஷட்டரை மூடி ஹோல்டரைச் செருகி, முழு ஸ்லைடை உருவி, வெட்டிய ஸ்லைடைச் செருகி, எடுத்து, வெட்டியதை உருவி, முழு ஸ்லைடை மறுபடி போட வேண்டும். இந்த மாற்றல் வேலை முழுவதும் ஹோல்டரின் வாய்மேல் கறுப்புத் துணி கிடக்கட்டும். எந்தப் பாதி முடிந்தது என்பதை மூளையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கைப்பிடியின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காதது, கறுப்பு தெரிந்தால் எடுத்தது என்ற வழக்கம் இங்கே உதவாது. பாதி எடுத்த ஷீட்டுக்கு நிறம் ஏது? ஹோல்டரில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி 'மே', 'கீ' என்று எழுதி வைத்திருக்கிறேன். எடுத்ததும் ஒரு கோடு. அப்படியும் வருடத்துக்கு ஒரு தடவை ஒரே பாதியில் இரண்டு படம் ஏறிவிடுகிறது.

அடுத்து, தகட்டைவிட முக்கியமான சங்கதி: லென்ஸ் எங்கே நிற்க வேண்டும்?

கேமராவை மட்டம் பார்த்து நிறுத்தி, லென்ஸ் நடுவில் இருந்தால் தொடுவானம் கிரவுண்ட் கிளாஸின் (பின்னால் பிம்பம் விழும் சொரசொரப்புக் கண்ணாடி) நடுக்கோட்டில் விழும். அதாவது நீங்கள் வெட்டிய விளிம்பிலேயே. மேல் பாதியைத் திறந்தால் தரை மட்டும், கீழ்ப் பாதியைத் திறந்தால் வானம் மட்டும் பதியும், ஏனென்றால் பிம்பம் தலைகீழ். முதல் நாள் இதைப் பார்த்ததும் பலர் கேமராவைக் குனிய வைக்கிறார்கள். கட்டடம், மரம் எல்லாம் சாய்ந்துவிடும். செய்ய வேண்டியது வேறு: எந்தப் பாதி திறந்திருக்கிறதோ அந்தப் பாதியின் நடுவுக்கு நேரே லென்ஸை நகர்த்துங்கள். 8×10-இல் மேல் பாதிக்கு லென்ஸை ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். கீழ்ப் பாதிக்கு அதே அளவு இறக்க வேண்டும். 4×5-இல் 24 மில்லிமீட்டர்.

மரக் கேமராக்களில் லென்ஸ் பலகை நன்றாக ஏறும், இறங்குவதற்குத்தான் அடம் பிடிக்கும். அதனால் நான் எப்போதும் மேல் பாதியில்தான் எடுக்கிறேன். முதல் படம் முடிந்ததும் ஸ்லைடைப் புரட்டுவதோடு, கேமராவின் கழற்றி மாட்டும் பின்சட்டத்தையும் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுவேன். கீழ்ப் பாதி மேலே வந்துவிடும், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்சட்டம் நான்கு பக்கமும் மாட்டும்படி சதுரமாக இருந்தால் இது ஒரு நிமிட வேலை. கேமரா வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த இக்கட்டையே வசதியாகவும் மாற்றிக்கொள்ளலாம். கோபுரமோ மலையோ எடுக்கும்போது லென்ஸை நடுவிலேயே விட்டுக் கீழ்ப் பாதியைத் திறந்தால், லென்ஸை 50 மில்லிமீட்டர் ஏற்றிய பலன் சும்மா கிடைக்கிறது. அதற்குமேல் கொஞ்சம் ஏற்றினால் தரை ஒழிந்து மேலே இன்னும் இடம் வரும். செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். ஃபியூஜி ஜி617 மாதிரி லென்ஸ் நகராத கேமராக்களில் இது நடக்காது. நான் ஷீட் ஃபிலிமை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மட்டம் பற்றி ஒரு வார்த்தை. மரக்காணம் உப்பளத்தில் ஒரு காலை, பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுரம் சதுரமாக விரிந்திருந்தன. பனோரமாவுக்கென்றே படைத்த இடம். முக்காலியில் இருந்த குமிழியை நம்பி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடுவானம் ஒரு பக்கம் நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு டிகிரி சாய்வு. 245 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு டிகிரி என்பது 4.3 மில்லிமீட்டர். படத்தின் உயரமே 95 மில்லிமீட்டர்தான் என்னும்போது அது அப்பட்டமாகத் தெரியும். சாதாரண 8×10 படத்தில் பார்ப்பவர் கண் மன்னித்துவிடும் சாய்வை இந்தச் சட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்போது கிரவுண்ட் கிளாஸில் பென்சிலால் நடுக்கோடும், இரு பாதிகளின் நடுவில் ஒவ்வொரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன். துணிக்குள் தலையை விட்டு, தொடுவானத்தை இரு முனையிலும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஷட்டரில் கை வைப்பது.

இனி லென்ஸ். ஒரு லென்ஸ் வீசும் பிம்ப வட்டத்தின் விட்டம் உங்கள் படத்தின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 8×10 ஃபிலிமில் படம் பதியும் பரப்பு சுமார் 194×245 மில்லிமீட்டர், மூலைவிட்டம் ஏறக்குறைய 312. பாதியாக்கினால் 95×245, மூலைவிட்டம் 263. லென்ஸைத் திறந்த பாதியின் நடுவுக்குக் கொண்டுவந்தால் இந்த 263 போதும். லென்ஸ் நடுவிலேயே இருந்தால் பழைய 312 வேண்டும். முழு 8×10-ஐ மூடாத லென்ஸ்கூட 4×10-ஐ மூடும் என்பதுதான் இதில் இனிப்பான விஷயம். ஷ்னைடரின் 120 மி.மீ. எஃப்/8 சூப்பர் ஆங்குலோன் 288 மில்லிமீட்டர் வட்டம் தருகிறது. 8×10-க்குப் பற்றாது, 4×10-க்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்த்தவும் இடம் இருக்கிறது. நிக்கோர் 120 மி.மீ. எஃப்/8 312 தருகிறது. ஃபியூஜினான்-சி 300 மி.மீ. 380 தருகிறது, கவலையே வேண்டாம். 4×5-க்காக வாங்கிய 90 மி.மீ. லென்ஸ்களை இதில் மாட்டிப் பார்க்காதீர்கள். சூப்பர் ஆங்குலோன் 90 எஃப்/8-இன் வட்டம் 216; இரண்டு ஓரமும் இருட்டாகிவிடும்.

அட்டவணையை நம்புவதைவிடக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிரவுண்ட் கிளாஸின் மூலைகள் வெட்டிவிடப்பட்டிருந்தால், லென்ஸை நீங்கள் எடுக்கப்போகும் எஃப் 22-க்கோ 32-க்கோ மூடிவிட்டு, அந்த மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழுசாக, நீள்வட்டமாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு வெளிச்சம் போகிறது. ஒரு பக்கம் கடித்த மாதிரி தெரிந்தால் லென்ஸ் பற்றவில்லை, அல்லது பெல்லோஸ் தொங்கிக் குறுக்கே நிற்கிறது. லென்ஸை ஏற்றியிருக்கும்போது பெல்லோஸின் மடிப்பு உள்ளே சரிவது அடிக்கடி நடக்கும். நடுவில் ஒரு நாடா கட்டித் தூக்கிவிடுங்கள்.

எவ்வளவு அகலம் தெரியும் என்று கேட்டால், 4×10-இல் 120 மி.மீ. லென்ஸ் கிடைவாக்கில் 91 டிகிரி, 150 மி.மீ. 78, 210 மி.மீ. 60, 300 மி.மீ. 44. என் ருசி 210. 120-இல் ஓரம் இழுபடும்; ஓரத்தில் நிற்கும் ஆள் பெருத்துத் தெரிவார். குடும்பப் படத்தில் மாமியாரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். வைட் லென்ஸில் ஓரம் மங்கவும் செய்யும். 120 மி.மீ.யில் நடுவுக்கும் ஓரக்கோடிக்கும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) வித்தியாசம் வரும். கலர் டிரான்ஸ்பரன்சி (பாசிட்டிவ் ஃபிலிம்) என்றால், நடுவை மட்டும் மங்கவைக்கும் சென்டர் ஃபில்டர் இல்லாமல் முடியாது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் கொஞ்சம் தாராளமாக எக்ஸ்போஸ் செய்துவிட்டு பிரிண்டில் சரிக்கட்டலாம்.

4×5 கதைக்கு வருவோம். 4×5 ஷீட்டில் படம் பதியும் பரப்பு சுமார் 95×120. பாதியாக்கினால் 46×120. இதே கேமராவில் 120 ரோல் ஃபிலிமுக்கான 6×12 பேக் (பின்பக்கச் சட்டம்) மாட்டினால் 56 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. ஒரு ரோலில் ஆறு படம், இருட்டில் ஷீட் ஏற்றும் தொல்லையும் இல்லை. கஷ்டப்பட்டு ஸ்லைடை வெட்டி, அதைவிடச் சின்ன நெகட்டிவ் வாங்குவதில் என்ன லாபம்? கையில் ஷீட்டும் ஹோல்டரும் ஏற்கனவே இருந்து, பழகிப் பார்க்க வேண்டுமென்றால் 4×5-இல் செய்து பாருங்கள். வெட்டுவதற்கும், லென்ஸை ஏற்றி இறக்குவதற்கும் நல்ல பயிற்சி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5×7 கேமரா வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதன் பாதி சுமார் 58×170 மில்லிமீட்டர். 6×17 கேமரா தரும் 56×168-க்கு அச்சு அசல் ஜோடி. ஒரு ஸ்லைடை வெட்டிய செலவில் 6×17 கேமரா கிடைத்த கணக்கு. விலைக்கு ஒரு 5×7 மாட்டினால் விடாதீர்கள்.

'4×5 கேமராவின் பின்னால் 6×17 பேக் மாட்டுகிறார்களே?' என்று கேட்பீர்கள். மாட்டலாம், சீனத் தயாரிப்புகள் உண்டு. ஆனால் 168 மில்லிமீட்டர் அகலப் படத்தை 125 மில்லிமீட்டர் சன்னல் வழியாகத்தான் வீச வேண்டும். அதற்காக ஃபிலிமைச் சன்னலுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். லென்ஸிலிருந்து வரும் ஒளி விரிந்து விரிந்து அங்கே போகும்போது 168 ஆகிவிடும். 45 மில்லிமீட்டர் தள்ளி வைத்த பேக் என்று கொள்வோம். லென்ஸ் கிட்டே இருந்தால், அதாவது வைட் லென்ஸ் என்றால், ஒளி சட்டென்று விரியும். லென்ஸ் தூரப் போகப் போக விரிவு குறையும்; ஃபிலிமிலிருந்து 176 மில்லிமீட்டருக்கு அப்பால் லென்ஸ் போனால் ஓரம் வெட்டுப்படும். இந்த பேக்குகளில் 180 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ் வேலைக்கு ஆகாது என்று சொல்வது இந்த வடிவகணிதத்தால்தான். 4×5-க்குப் பின்னால் நீங்களே பலகையில் 4×10 பேக் கட்ட நினைத்தால், இதே கணக்கு இன்னும் கடுமையாகக் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொரு நியாயமான கேள்வி: முழு 8×10 எடுத்துவிட்டு வேண்டியதைக் கத்தரித்துக்கொண்டால் என்ன? ஒன்றும் இல்லை. தரத்தில் ஒரு இம்மிகூட வித்தியாசம் கிடையாது. ஷீட்டுக்கு இரண்டு படம் கிடைப்பது ஒரு லாபம். கிரவுண்ட் கிளாஸில் அந்த நீளச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. என் அனுபவத்தில் முழு கிளாஸையும் பார்த்துக்கொண்டு 'பிறகு வெட்டிக்கொள்ளலாம்' என்று எடுத்த எதுவும் நல்ல பனோரமாவாக அமைந்ததில்லை. கிளாஸில் எடுக்காத பாதியின்மேல் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டிவிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பழைய ஸ்டூடியோவிலிருந்து வருகிறது என்றீர்கள். அது உண்மையிலேயே 8×10-தானா என்று அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மாதிரியான மரக் கேமராக்கள் நம் ஸ்டூடியோக்களில் நிறைய ஓடின. கண்ணாடித் தட்டுக் காலத்து அளவுகளில் ஃபுல் பிளேட் என்பது 6½×8½ அங்குலம். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம், அதை நீளவாக்கில் பிளந்தால் 3¼×8½. பார்க்க மிக அழகான சட்டம். ஆனால் அதன் ஹோல்டர் கண்ணாடித் தட்டுக்கானது. ஃபிலிம் போட மெல்லிய உலோக உறை வேண்டும். ஒரு கேமராவின் ஹோல்டர் இன்னொன்றில் உட்காராது. கூடவே வரும் ஹோல்டர்கள்தான் சொத்து. அவை இல்லாமல் கேமராவை மட்டும் தந்தால் வரவேற்பறைக்கு அழகுப் பொருள் என்று நினைத்து விலை பேசுங்கள்.

ஃபிலிம் விஷயத்தில், ஆரம்பத்தில் நல்ல ஃபிலிமை வீணாக்காதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது. 8×10, 10×12, 12×15, 14×17 அங்குலங்களில் வரும். 8×10 அப்படியே உங்கள் ஹோல்டருக்கு. கேட்கும்போது 'கிரீன் சென்சிட்டிவ், தண்ணியில கழுவுற ஃபிலிம்' என்று அழுத்திச் சொல்லுங்கள். இப்போது ஸ்கேன் சென்டர்களில் ஓடுவது பெரும்பாலும் டிரை ஃபிலிம். வெப்பத்தில் உருவம் வரும் சரக்கு, டெவலப்பரில் போட்டால் ஒன்றும் வராது. பச்சை வரைக்கும்தான் இதற்குக் கண் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே ஏற்றலாம், டெவலப் செய்யலாம். இருட்டில் தடவிப் பழகாதவருக்கு இது பெரிய வரம். படத்தில் செம்மண் கறுக்கும், மாநிற முகம் இன்னும் கறுக்கும்; அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

அதன் கெட்ட குணம், இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளியுணரும் பூச்சு. சுண்டினால் கீறல் விழும், நம்மூர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் கொழகொழவென்று இளகிவிடும். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு, ஐஸ் வைத்து 20 டிகிரிக்கு இறக்கி, ஒரு நேரத்தில் ஒரு ஷீட் மட்டும் போடுங்கள். நான் வெயிலில் 80 ஐஎஸ்ஓ என்று வைத்துக்கொண்டு எடுத்து, ரோடினால் டெவலப்பரை ஒன்றுக்கு நூறாகக் கரைத்து ஏழு நிமிடம் போடுகிறேன். உங்கள் பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். முதல் ஷீட்டை வெட்டிய ஸ்லைடால் பாதி பாதியாக எக்ஸ்போஸ் செய்து சோதிப்பதற்கு இதைவிட நல்ல கருவி ஏது?

வெட்டிய ஸ்லைடு முறையின் உண்மையான குறை இந்த டெவலப்மென்ட்டில்தான் இருக்கிறது. இரண்டு படமும் ஒரே ஷீட். ஒன்று உச்சிவெயிலில் எடுத்தது, இன்னொன்று மூடுபனியில் எடுத்தது என்றால் ஒன்றுக்குக் குறைத்து, மற்றதுக்குக் கூட்டி டெவலப் செய்ய வழியே இல்லை. அதனால் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் இரண்டையும் எடுத்து முடித்துவிடுவது நல்லது. எஃப் 32-இல் மாலை வெளிச்சத்தில் எடுக்கும்போது ஃபிலிம் சோம்பிப்போவதையும், அதாவது நேரம் நீள நீள அதன் உணர்வு மந்தமாவதையும், கணக்கில் சேருங்கள். இல்ஃபோர்டு எஃப்பி4-க்கு மீட்டர் 10 விநாடி காட்டினால் 18 விநாடி கொடுக்க வேண்டும்.

இந்தக் குறை பொறுக்காதவர்கள்தான் தனி 4×10 ஹோல்டருக்கும் பேக்குக்கும் போகிறார்கள். அப்போது 8×10 ஷீட்டை இருட்டில் பாதியாக வெட்ட வேண்டிவரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 8×10 ஃபிலிம் உண்மையில் 8 அங்குலம் இல்லை, ஒரு பொட்டு குறைவு; சரிபாதியாக்கினால் சுமார் 100.8 மில்லிமீட்டர் வரும். ஹோல்டருக்கு வேண்டியது 100. அந்த முக்கால் மில்லிமீட்டரில் ஃபிலிம் பள்ளத்தில் சிக்கி, இருட்டில் நீங்கள் வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். உருளும் கட்டரில் 100 மில்லிமீட்டரில் ஒரு கட்டையைத் திருகி நிறுத்தி, இரண்டு துண்டையும் தனித்தனியாக அதில் முட்டி வெட்டுங்கள். வெட்டியபின் ஒரு துண்டில் மட்டும்தான் எமல்ஷன் பக்கத்தைக் காட்டும் அடையாள வெட்டு மிஞ்சும். இன்னொன்றில் எமல்ஷன் உங்களைப் பார்த்திருக்கும்போது மேல் வலது மூலையைக் கத்தரியால் சின்னதாகக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் எந்தப் பக்கம் எமல்ஷன் என்று உதட்டில் ஒட்டிப் பார்க்கும் நிலை வரும். (நான் பார்த்திருக்கிறேன். ஒட்டுகிற பக்கம்தான்.)

7×17, 8×20, 12×20 என்று இதற்கு மேலும் ஒரு உலகம் இருக்கிறது. அமெரிக்காவில் விருந்துக் கூட்டங்களை எடுக்க ஃபோல்மர் அண்ட் ஷ்விங் செய்த பாங்க்வெட் கேமராக்களும், குண்ட்லாக்கின் கொரோனாக்களும் அந்த ஜாதி. கேமரா முழுவதுமே சுழன்று ரோல் ஃபிலிமில் எடுக்கும் சர்க்கட் கேமரா வேறு. இவை அசையாமல் நின்று ஒரே ஷாட்டில் எடுப்பவை. 14×17 எக்ஸ்ரே ஷீட்டைப் பாதியாக்கினால் இரண்டு 7×17 கிடைக்கும் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். மூலைவிட்டம் 467 மில்லிமீட்டர். ஃபியூஜினான்-சி 450 அதை 486-இல் மூடிவிடும். ஹோல்டர்தான் உங்கள் சொத்தை எழுதி வாங்கும். இல்ஃபோர்டு வருடத்துக்கு ஒருமுறை முன்பதிவு வாங்கி இந்த அளவுகளில் ஃபிலிம் வெட்டித் தருகிறது, 4×10 உட்பட. முதலில் 4×10-இல் ஐம்பது படம் எடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவோம்.

பிரிண்டுக்கு என்லார்ஜர் தேட வேண்டாம். 4×10 நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே ஒரு பல்பு போட்டால் போதும். கையடக்கமான ஒரு நீளப் படம் வந்துவிடும். ஸ்கேன் செய்வதென்றால் எப்சன் வி850 மாதிரியான மேசை ஸ்கேனரின் டிரான்ஸ்பரன்சி பகுதி 8×10 அங்குலம், அதனால் பிளக்காத முழு ஷீட்டையே வைத்துவிடலாம்.

கடைசிக் கேள்வி 6×17 வாங்குவதா என்பது. கலர் எடுப்பீர்கள், மலையேறுவீர்கள், ஒரு நாளில் நாற்பது படம் எடுப்பீர்கள் என்றால் வாங்குங்கள். அது இல்லையென்றால் அந்தப் பணத்தை லென்ஸுக்கு வையுங்கள். கேமரா வந்ததும் ஸ்லைடை வெட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது: பழைய ஃபிலிம் ஒன்றை ஹோல்டரில் போட்டு, ஹோல்டரின் முகத்திலிருந்து ஃபிலிம்வரை ஆழம் அளங்கள். 8×10-க்கு 6.6 மில்லிமீட்டர் வர வேண்டும். பின்சட்டத்தில் ஹோல்டர் உட்காரும் இடத்திலிருந்து கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான முகம்வரையும் அதே 6.6 இருக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பு லென்ஸைப் பார்த்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றியவர்கள் பாதிப் பேர் திருப்பித்தான் மாட்டியிருப்பார்கள்.